பன்றிக்குக் கட்டிய கம்பியில் யானை சாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வேலியில் சிக்கி யானை இறந்தது என்று செய்தி வந்தால் அடுத்த சில நாட்களுக்கு இரண்டே விதமான பேச்சுதான் கேட்கிறது. ஒன்று, விவசாயியைக் கொலைகாரன் என்கிறது. இன்னொன்று, அதிகாரிகளுக்கு மனுஷனைவிட மிருகம் பெரிதாகிவிட்டது என்கிறது. அந்தக் கம்பி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் கட்டியிருந்தது என்று இரு தரப்பிலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். பல இடங்களில் அது ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. யானைக்கு யாரும் அந்த உயரத்தில் வேலி போடமாட்டார்கள். அது காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பி. பன்றிப் பிரச்சினைக்கு வழி சொல்லாமல் யானையைக் காப்பாற்ற முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருளவும்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில், தோட்டத்தைச் சுற்றி விதிமீறிக் கட்டிய மின்கம்பியில் ஒரே இரவில் 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் பிழைத்து, தாய்மாரின் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அது தனிப்பட்ட விபத்து அல்ல. 2019-20 முதல் 2023-24 வரையிலான 5 ஆண்டுகளில் நாட்டில் 528 யானைகள் இயற்கைக்கு மாறாக இறந்தன என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் மின்சாரம் தாக்கி இறந்தவை 392. ரயிலில் அடிபட்டவை 73, வேட்டையில் 50, விஷத்தில் 13. தந்தத் திருடனைப் பிடிக்க நாம் காட்டிய அக்கறையில் நாலில் ஒரு பங்கை மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் காட்டியிருந்தால் போதும் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பின்படி 3,170 யானைகள் இருக்கின்றன. எண்ணிக்கை கூடியிருப்பது நல்ல சேதி. கூடியவை நடமாடும் இடம் கூடவில்லை.

இனி அந்தக் கம்பிக்கு வருவோம். பகலில் போனால் கண்ணுக்குத் தெரியாது. கட்டுக்கம்பியைக் குச்சிகளில் இழுத்து, இருட்டிய பிறகு மோட்டார் லைனிலிருந்து கரண்டு கொடுத்து, விடிவதற்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள். இதை ஏன் "வேலி" என்கிறோம் என்பதே எனக்குப் புரியவில்லை. வேலி என்பது மிருகத்தைத் திருப்பி அனுப்புவது. இது கண்ணி.

முறையான மின்வேலியும் ஷாக் அடிக்கிறதே, அதில் மட்டும் எப்படிச் சாகாது என்று பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மோட்டார் லைனில் 230 வோல்ட். முறையான வேலியில் 6,000, 8,000 வோல்ட் கூட இருக்கும். ஆனால் கொல்வது வோல்ட் மட்டும் அல்ல. எவ்வளவு நேரம், எவ்வளவு மின்னோட்டம் உடம்பில் பாய்கிறது என்பதுதான் கணக்கு. எனர்ஜைசர் என்ற பெட்டி விநாடிக்கு ஒரு முறை மட்டும் ஒரு துடிப்பைக் கம்பிக்கு அனுப்புகிறது. அது நீடிப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு துடிப்பில் போகக்கூடிய ஆற்றலுக்குத் தர விதியிலேயே 5 ஜூல் என்று உச்சவரம்பு உண்டு. அடி விழுந்ததும் மிருகம் பின்வாங்கப் பாக்கி நேரம் முழுவதும் இருக்கிறது. 230 வோல்ட்டில் அப்படி இல்லை. உடம்பின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்தால் 230 மில்லி ஆம்பியர், இடைவிடாமல். விநாடிக்கு 50 ஜூலுக்கும் மேல். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில விநாடி நீடித்தாலே உயிருக்கு ஆபத்து. யானை அந்தக் கம்பி மேலேயே சாய்கிறது. சாய்ந்த பிறகும் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. தூக்கிவிட வரும் அடுத்த யானையும் அதிலேயே விழுகிறது.

ஃபியூஸ் போகாதா? போகாது. மோட்டாருக்குப் போட்ட ஃபியூஸ் 15, 20 ஆம்பியருக்கு. யானை இழுப்பது கால் ஆம்பியர். ஃபியூஸைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே நடக்கவில்லை. இரவில் பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவரும், வெள்ளாட்டைத் தேடி வரும் பையனும் அதே கம்பியில்தான் கால் வைக்கிறார்கள். வழக்குப் பதிவாகும்போது யானைக்கு வனவிலங்குச் சட்டம், மனிதருக்கு வேறு சட்டம், மின்திருட்டுக்கு இன்னொரு சட்டம். காரணம் ஒரே கம்பி.

இவ்வளவும் தெரிந்தே ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்கிறார் என்றால் அவருக்கு என்ன நெருக்கடி என்று பார்க்க வேண்டாமா? பன்றிக்கூட்டம் கிழங்குக் காட்டுக்குள் நுழைந்தால் தின்பது கொஞ்சம், உழுது போடுவது அதிகம். நிலக்கடலை, மரவள்ளி, சேனை, மக்காச்சோளம் எதையும் விடாது. மக்காச்சோளத்தில் கதிரைத் தின்பதோடு நிற்காது; தட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். பகலிலும் வெளியே போகாது. பால் பிடிக்கும் பருவத்தில் இரண்டு இரவு போதும், முக்கால் ஏக்கர் காலி. தாய்ப்பன்றி நான்கு மாதத்துக்குள் சினை முடித்து நாலு ஆறு குட்டி போடும். புலியும் சிறுத்தையும் காட்டுக்குள் தின்று சமன்செய்யலாம். கரும்புக்குள்ளேயே குடியிருக்கும் பன்றியை யார் தின்பது? நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை மக்காச்சோளத்தை மானாவாரிக் காடுகளின் கடைசி வரப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. காட்டை ஒட்டி ஆளுயரத்துக்கு மறைவும், அதற்குள்ளேயே சாப்பாடும் வைத்துவிட்டுப் பன்றி வருகிறது என்றால் அது பன்றியின் குற்றம் அல்ல. விலை கிடைக்கிற பயிரை வைப்பது விவசாயியின் குற்றமும் அல்ல.

பன்றியை விரட்ட வரப்பில் சேலை கட்டுவது, முடி தூவுவது, பட்டாசு, வானொலிப் பெட்டியைப் பாட விடுவது, மருந்துப் பொட்டலம் தொங்கவிடுவது எல்லாம் நடக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் பலன் இருக்கும். பிறகு பழகிவிடும். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் தொடங்கினால் உபயோகம். விதைத்த மறுநாளே கட்டினால் கதிர் வரும்போது பன்றி அந்தச் சேலைக்கடியில் நுழைந்து போகும். அவுட்டுக்காய் என்கிற நாட்டுவெடி வைப்பதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினியில் சாகிறது.

ஆக, மிஞ்சுவது முறையான சூரிய மின்வேலி. அரசும் அதைத்தான் சொல்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற வேலி, பழையதோ புதியதோ, பதிவாக வேண்டும்; இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எனர்ஜைசர்தான் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பதிவுச் சான்று வாங்கிய வேலியும் ஆறே மாதத்தில் வெறும் கொடிக்கம்பி ஆகிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது? மின்வேலி தோற்பது எங்கே என்று இனி விவரமாகச் சொல்கிறேன். தோற்ற வேலிதான் மறுபடி மோட்டார் கொட்டகைக்கு வழிகாட்டுகிறது.

முதல் கோளாறு எர்த். வேலிக்குச் செலவழிக்கிறவர்கள் கம்பியையும் தூணையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, எர்த்துக்கு ஒரு முழ இரும்புத்துண்டை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கம்பியைத் தொட்ட மிருகத்தின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் ஷாக். திரும்பும் பாதை மோசமென்றால் பெட்டி "டிக், டிக்" என்று அடித்துக்கொண்டேயிருக்கும்; பன்றி சொரிந்துகொண்டே நுழையும். குறைந்தது மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு, ஒவ்வொன்றும் 6 அடி ஆழம், 10 அடி இடைவெளியில், ஈரம் நிற்கிற இடத்தில் அடிக்க வேண்டும். வாய்க்கால் ஓரமோ, தொட்டி வழியும் இடமோ உத்தமம். மோட்டார் லைனின் எர்த்தோடு இதைச் சேர்க்கவே கூடாது.

எர்த் சரியா என்று சோதிப்பது சுலபம். எனர்ஜைசரை அணைத்துவிட்டு, வேலியில் 100 மீட்டர் தள்ளிப் போய் மூன்று நான்கு கடப்பாரையை மண்ணில் குத்திக் கம்பி மேல் சாய்த்து வைக்க வேண்டும். பிறகு பெட்டியைப் போட்டால் வேலியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு கடப்பாரை. இப்போது வேலிக்கான வோல்ட் மீட்டரைக் கடைசி எர்த் ராடில் வைத்து, அதன் கூர்முனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திப் படித்தால் 300 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ராடு போதவில்லை. இரண்டு ராடு கூட்டி மறுபடி பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை மழை பெய்த மறுநாள் செய்து "சரி" என்று எழுதிக்கொடுப்பதில் பயனே இல்லை. பங்குனி, சித்திரையில், செம்மண் வெடித்துக் கிடக்கும்போது செய்ய வேண்டும். அப்போதும் எர்த் போதாத பாறை நிலத்தில் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்று எர்த்தோடு இணைக்கிற முறை இருக்கிறது. மிருகம் இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டால் மண்ணை நம்பாமலே ஷாக் அடிக்கும்.

இரண்டாவது, பேட்டரி. 6 வாட் இழுக்கிற எனர்ஜைசர் ஒரு நாளைக்கு 144 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 12 ஆம்பியர்-மணி சாப்பிடும். 65 ஆம்பியர்-மணி பேட்டரி என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். எனவே கையில் இருப்பது 32. வெயிலே இல்லாமல் இரண்டரை நாள் தாங்கும், அவ்வளவுதான். நல்ல வெயிலில் 40 வாட் பலகை அந்த 144-ஐ ஈடுகட்டிவிடும். விற்கிறவர்களும் அந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் மூடாக்காக ஒரு வாரம் நின்றால் பலகை கொடுப்பது ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மானாவாரி ராகியும் சோளமும் கதிர் பிடிக்கிற காலமும் அதுதான். வேலி தேவைப்படும் வாரத்தில் வேலி தூங்குகிறது. மூன்றாம் நாள் இரவு பன்றி நுழைகிறது. நான்காம் நாள் இரவு கட்டுக்கம்பி வெளியே வருகிறது. 40 வாட் பலகைக்குப் பதில் 100 வாட் வைத்தால், ஒரு சின்னக் கூடுதல் செலவில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். மானியப் பட்டியலில் குறைந்தபட்ச அளவைக் குறிக்கும்போது சித்திரை வெயிலை வைத்துக் குறிக்காமல் கார்த்திகை மூடாக்கை வைத்துக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, களை. கம்பியைத் தொடும் ஒவ்வொரு புல்லும் ஒரு சின்ன ஓட்டை. மழைக்காலத்தில் கோரையும் பார்த்தீனியமும் பதினைந்து நாளில் கீழ்க்கம்பியை எட்டிவிடும். 7,000 வோல்ட்டில் கிளம்பியது அடுத்த முனையில் 2,000-க்கு வந்து நிற்கும். இரவில் நடந்து போனால் எங்கெங்கே "சட் சட்" என்று பொறி பறக்கிறது என்று காதும் கண்ணும் சேர்ந்தே காட்டிக்கொடுக்கும். உடைந்த இன்சுலேட்டரும் அப்படியே. கம்பிக்கு இரு புறமும் மூன்றடி சுத்தமாக இருக்க வேண்டும். களைக்கொல்லி அடித்து எரித்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். வேர் செத்து மண் தளர்ந்தால், அடுத்த மழையில் தூணே சாயலாம். அரிவாள்தான் சரி.

பன்றிக்கான வேலியில் கீழ்க்கம்பி தரையிலிருந்து 8 அங்குலம். அதற்கு மேல் போனால் மூக்கு படாது, முதுகில் படும். பன்றியின் மூக்கு ஈரமானது, அங்கே அடி பட்டால் பின்னால் பாயும். தலையை நுழைத்த பிறகு காதுக்குப் பின்னால் அடி பட்டால் முன்னால் பாயும், கம்பியையும் இழுத்துக்கொண்டு. இந்த ஒரு நுணுக்கத்தில்தான் பாதி வேலிகள் வீணாகின்றன. பள்ளம் மேடு வருகிற இடத்தில் தூண்களுக்கு நடுவே குட்டைக் குச்சி நட்டுக் கம்பியைத் தரையோடு இறக்கிக் கட்ட வேண்டும். கட்டிய அன்றே கரண்டு கொடுத்துவிட வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு மாதம் சும்மா நின்ற கம்பியைத் தொட்டுப் பழகிய மிருகத்துக்கு அதன் மேல் பயம் வருவது கஷ்டம்.

யானைக்கு இது போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொம்பில் ஷாக் அடிக்காது. ஆண் யானை கொம்பால் கம்பியை முறுக்கி அறுக்கும், காலால் தூணை உதைத்துச் சாய்க்கும், மரக்கிளையை முறித்துக் கம்பி மேல் போடும். அதனால்தான் தொங்கும் மின்வேலி வந்தது. பதினாறு பதினெட்டு அடி உயரத்தில் ஓடும் கம்பியிலிருந்து மெல்லிய சரங்கள் தரைக்கு மூன்று நான்கு அடி மேல் வரை தொங்கும்; தூணை எட்டுவதற்கு முன்பே சரம் உடம்பில் படும். காற்றில் சரங்கள் செடியில் சிக்கிக்கொள்வது இதன் தொல்லை. அகழி வெட்டுவதைப் பற்றிக் கேட்டால், கெட்டியான மேட்டு நிலத்தில் சரி. ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு மழைக்கே கரை சரிந்து தூர்ந்துவிடும். யானை முன்காலால் மண்ணைத் தள்ளி இறங்கும். அகழியில் முதலில் உடைவது எப்போதும் ஓடை முகம்தான், அங்கேதான் பணமும் போகிறது.

எந்த வேலியாக இருந்தாலும் பயிரைச் சுற்றி இருக்கட்டும். யானைகள் இடம்பெயரும் வலசைப் பாதையின் குறுக்கே வேண்டாம். நீலகிரியின் சீகூர்ப் பகுதி வலசைப் பாதை வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதையை உறுதி செய்தது. சொகுசு விடுதிக்காரர் பாதையை மறித்துக் கட்டிய வேலியையும், ஐந்து ஏக்கர் ராகிக்காரர் கட்டிய வேலியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. ஆனால் ராகிக்காரரும் ஓடைக்கரையை யானைக்கு விட்டுவைத்துவிட்டு மற்றதை அடைத்தால், யானையும் சுற்றிப் போகும், வேலியும் நிற்கும். ஓடையை அடைத்த வேலி நின்றதே இல்லை.

இப்போது பணக் கணக்கு. இதுதான் மையம். சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றிவர 254 மீட்டர் வேலி வேண்டும். பத்து ஏக்கரைச் சேர்த்து அடைத்தால் மொத்தம் 805 மீட்டர், ஏக்கருக்கு 80. நூறு ஏக்கரைச் சேர்த்தால் 2,545 மீட்டர். ஏக்கருக்கு 25 மீட்டர்தான். அதாவது தனியாகக் கட்டுகிறவர் செலவில் பத்தில் ஒரு பங்கு. எனர்ஜைசரும் பேட்டரியும் எர்த்தும் அதேபோல் ஒன்றே போதும். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் தந்திருக்கிறது, நல்லது. ஆனால் தனித்தனி விவசாயிக்கு, தனித்தனி விண்ணப்பம். வசதியுள்ளவர் தன் பங்கைக் கட்டி அடைத்துக்கொள்கிறார். அவர் வேலியில் மூக்கில் அடி வாங்கிய பன்றியும், அவரிடமிருந்து திரும்பிய யானையும் பக்கத்துக் குத்தகைக்காரர் காட்டுக்குள் இறங்குகின்றன. மானியம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஒரு வரப்பு தள்ளி நகர்த்திவிட்டது.

மானியத்தைக் குழுவுக்குக் கொடுங்கள். நூறு ஏக்கரில் ஏக்கருக்கு மாதம் 100 ரூபாய் என்று வசூலித்தால் 10,000 ரூபாய். அதில் ஊரிலேயே ஒருவரை வைத்தால் காலையில் இரண்டரை கிலோமீட்டர் நடந்து, களை அரிந்து, நாலு மூலையிலும் வோல்ட் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார். மானியத்தின் ஒரு பகுதியை அந்த நோட்டைப் பார்த்து இரண்டு வருஷத்தில் பிரித்துக் கொடுக்கலாம். தூணை எண்ணிப் பணம் கொடுக்கும் வரை ஊர் முழுக்கத் தூண் இருக்கும். பன்றிக்கு 4,000, யானைக்கு 6,000 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால்தான் வேலி இருக்கும்.

பன்றியைச் சுட அனுமதி கொடுத்தாகிவிட்டதே என்பார்கள். 2025 ஜனவரியில் வந்த அரசாணையைச் சரியாகப் படிக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்தான் சுடலாம். காட்டை ஒட்டித் துப்பாக்கி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. அங்கே புலிக்கும் செந்நாய்க்கும் பன்றியும் இரை. ஆனால் சேதம் மிக அதிகமான முதல் கிலோமீட்டருக்கு இந்த ஆணையில் ஒன்றுமில்லை. யானை நடமாட்டம் அதிகமும் அங்கேதான். சுடவும் கூடாது, பிடிக்கவும் இல்லை என்றால் அந்த ஒரு கிலோமீட்டர்ப் பட்டைக்கு வேலி மானியத்தில் முன்னுரிமையாவது வேண்டாமா? மாவட்ட வாரியாகப் பிரிக்கும் நிதியைக் காட்டு எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்த்துப் பிரித்தால் போதும்.

மின்சார வாரியத்தின் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பட்டையில் உள்ள விவசாய இணைப்புகளில் மீட்டர் பெட்டியிலேயே, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தலாம். வீட்டில் வைக்கிற 30 மில்லி ஆம்பியர்க் கருவி இங்கே ஆகாது. பழைய நீர்மூழ்கி மோட்டாரும் நீளக் கேபிளும் சும்மாவே அவ்வளவு கசியும். கருவி அடிக்கடி டிரிப் ஆகி விழுந்தால் விவசாயி அதைத் தாண்டிக் குறுக்கே இணைத்துவிடுவார். 100 மில்லி ஆம்பியர் போதும். கள்ளக்கம்பி புல்லிலும் ஈர மண்ணிலும் பட்டாலே அதற்கு மேல் கசிந்து, போட்ட உடனே விழுந்துவிடும், கம்பி எடுபடாது. மேலே போகும் லைனில் நேராகக் கொக்கி போடுகிறவரை இது தடுக்காது. அவருக்கு ரோந்துதான் மருந்து. ஆனால் மோட்டார் கொட்டகையிலிருந்து எடுக்கிறவர்களுக்கு வாய்ப்பு அடைபடும்.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலரும் எழுதிவிட்டார்கள். தாமதம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நிலப் பத்திரம் கேட்கிற மேஜைக்கு முன்னால் குத்தகைக்காரரால் நிற்க முடியாதது. சேதம் அவருடையது, சிட்டா வேறொருவர் பெயரில். 2026 காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவம் முதல் ஒன்றியப் பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தையும் கூடுதல் பிரிவாகச் சேர்க்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநிலம் அறிவிக்க வேண்டும், சேதமான 72 மணி நேரத்துக்குள் இடக்குறிப்புள்ள படத்தோடு செயலியில் பதிய வேண்டும். செல்போன் சிக்னலே இல்லாத மலையடிவாரத்துக்கு இந்த 72 மணி நேரம் எப்படிப் பொருந்தும் என்று இப்போதே யோசிக்க வேண்டும். வேளாண் உதவி அலுவலர் கையால் வாங்கிப் பதிகிற வழி இருந்தால் நல்லது. மாநிலப் பட்டியலில் யானையோடு பன்றியும் இருக்கிறதா என்று விவசாய சங்கங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

பயிரை மாற்றச் சொல்வது எல்லோருக்கும் சுலபம். மிளகாய், எள், செண்டுமல்லி, மல்லிகை இதையெல்லாம் பன்றியும் யானையும் தின்பதில்லை என்பது உண்மை. சத்தியமங்கலத்தில் மல்லிகையும் சம்பங்கியும் நிற்பதற்குப் பக்கத்திலேயே பூ மார்க்கெட் இருப்பது காரணம். மார்க்கெட் இல்லாத மலையடிவாரத்தில் விடிகாலை பறித்த மல்லிகை மத்தியானம் குப்பைக்குத்தான் போகும். மாற்றலாம், முழுத் தோட்டத்தையும் அல்ல. காட்டைப் பார்த்த வரப்பிலிருந்து முதல் முப்பது மீட்டரில் மட்டும் மறைவு தராத குட்டைப் பயிர் இருந்தால், பன்றி வெட்டவெளியைக் கடந்துதான் சோளத்துக்கு வர வேண்டும். வேலிக்கும் பராமரிக்கத் தோது.

காட்டுக்குள்ளே நடக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. லாண்டானா என்கிற அயல் புதரான உண்ணிச்செடி மூடிய காட்டில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் யானை எதைத் தின்னும்? பொக்லைன் விட்டு உண்ணியை வழித்தெடுத்தால் மண் கிளறி, அடுத்த மழையில் விதை இரண்டு மடங்காக முளைக்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மறுபடி துளிர்க்காது. மூன்று வருஷம் தொடர்ந்து நாற்றைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்விதை தூவ வேண்டும். இது இயந்திர வேலை அல்ல, கைவேலை. முதுமலைப் பகுதியில் மஞ்சள் கொன்றை என்ற அயல் மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடியினர் உண்ணிக் குச்சியில் யானை உருவங்கள் செய்கிறார்கள். காட்டோரக் கிராமத்தில் வருஷத்துக்கு நூறு நாள் கூலி தரக்கூடிய இந்த வேலையை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல், வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற கிராம சபைகளுக்குக் கொடுத்தால் காட்டுக்குள் புல்லும் இருக்கும், வெளியே கூலியும் இருக்கும்.

அடுத்த ஐப்பசிக்கு முன்பு ஒரே ஒரு காரியம் நடந்தாலும் போதும். 5 கிலோமீட்டர் பட்டையில் ஏற்கெனவே பதிவான வேலிகளுக்கு, பதிவேட்டில் இப்போது இருக்கும் கலங்களோடு இன்னும் இரண்டு கலம் சேருங்கள்: எர்த் ராடில் எத்தனை வோல்ட், வேலியின் கடைசி முனையில் எத்தனை வோல்ட். பங்குனியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை. வோல்ட் மீட்டரை ஊராட்சிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
மின்வேலிப் பணியில் உள்ள ஒரு வேளாண் பொறியாளர்,
ஈரோடு மாவட்டம்.